இரண்டு முனையும் கையில்

எங்கள் கேத் லேபில் எனக்குப் பெயர் சிடுமூஞ்சி. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை; ஒருமுறை டியூட்டிப் பட்டியலில் யாரோ பென்சிலால் அப்படி எழுதிவிட்டு அழிக்க மறந்துவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே கதிரைத் தடுக்கிற ஈய அங்கியைத் தோளில் சுமந்துகொண்டு நாள் முழுக்க நிற்கிறவள், பல்லைக் காட்டிக்கொண்டும் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் உடம்புக்குள் கம்பி போவதைத் திரையில் பார்க்கும்போது என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். முகமூடி இருப்பதால் இதுவரை யாருக்கும் தெரியாது.

கேத் லேப் என்பது நெஞ்சைத் திறக்காமலே இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் சரிசெய்கிற அறை. தொடை இடுக்கிலோ முழங்கை மடிப்பிலோ சின்னதாக ஒரு துளை போடுவார்கள். அதன் வழியே முதலில் கம்பி போகும். ஜன்னல் கம்பி அல்ல. சாக்குத் தைக்கிற நூலின் தடிமன்தான் இருக்கும், நீளம் மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். அது போய்ச் சேர்ந்த பிறகு, அதன்மேல் ஏறித்தான் மற்றதெல்லாம் போக முடியும். கம்பி போகாத இடத்துக்கு எந்த டாக்டரின் படிப்பும் போகாது. என் வேலை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்வது, நழுவவிடாமல் இருப்பது, ரத்தம் பட்டால் ஈரத் துணியால் துடைப்பது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால், "கம்பி பிடிக்கிறேன்" என்பேன். அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

எங்கள் அறைச் சுவரில் ஒரு போன் உண்டு. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மட்டும்தான் அதில் அழைப்பு வரும். ஒன்பது வருடமாகப் பெரும்பாலும் ஒரே குரல். "நெஞ்சு வலி. ஆண். நாப்பத்தெட்டு. பத்து நிமிஷம்." அவ்வளவுதான், வளவளப்பே கிடையாது. வண்டி பத்து நிமிட தூரத்தில் இருக்கும்போதுதான் கூப்பிடுவார். பத்து என்றால் பத்துதான், பதினொன்று ஆனதில்லை. பெயர் தெரியாததால் நாங்களே அவருக்குப் 'பத்து நிமிஷம் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டோம். கணீரென்ற குரல். ஆளைப் பார்த்தவர்தான் யாரும் இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன் என் கணவர் குளியலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இந்த மாதிரி ஆயிரம் பேரைப் பார்த்தவள் நான். அவசர எண்ணை அழுத்தினேன். எங்கள் தெருவின் பெயர் மறந்துபோய்விட்டது. பதினாறு வருடமாகக் குடியிருக்கும் தெரு! அந்தப் பக்கம் அதே கணீர்க் குரல். "பயப்படாதீங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் லைன்லதான் இருக்கேன். உங்க வாசல்ல நின்னா எதிர்ல என்ன தெரியுது?" எதிரில் தெரிந்தது சைக்கிள் கடை. பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதை வைத்தே தெருவைக் கண்டுபிடித்து வண்டியை அனுப்பிவிட்டார். என் கணவர் இன்றைக்கும் குளியலறை விளக்கை அணைக்காமல்தான் வெளியே வருகிறார். நானும் தினமும் திட்டுகிறேன். திட்டுவதற்கு ஆள் இருப்பது அந்தக் குரலால்தான்.

இடையில் ஆறு மாதமாக அந்தக் குரல் வரவில்லை. வேறொரு பையன் கூப்பிட்டான். எதைக் கேட்டாலும் 'கிட்டத்தட்ட' என்பான். அக்கா வேலையை விட்டுவிட்டார் என்றார்கள், மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். நானும் விசாரிக்கவில்லை. நன்றி சொல்லவும் இல்லை. சிடுமூஞ்சிகளுக்கு நன்றி சொல்ல வராது.

அப்படி ஒரு நாள் காலை மேசையில் படுத்திருந்த அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. இதயத்திலிருந்து கிளம்புகிற பெருந்தமனி மேலே ஏறி, குடையின் கைப்பிடி மாதிரி வளைந்து, முதுகோரமாகக் கீழே இறங்கும். அந்த வளைவு இறங்கத் தொடங்குகிற இடத்தில் இவருக்கு ஆரஞ்சுப்பழ அளவில் வீக்கம். குரலுக்கான நரம்பு ஒன்று அந்த வளைவைச் சுற்றித்தான் போகிறது. வீக்கம் அதை நசுக்கிவிட்டதால், அவர் பேசினால் பாதி காற்றுதான் வந்தது. நுரையீரலும் பழுது. நெஞ்சைத் திறந்தால் பிழைக்க மாட்டார், முழு மயக்கம் கொடுத்தால் மறுபடி சுவாசம் பிடிப்பது சந்தேகம், சும்மா விட்டால் வீக்கம் என்றைக்கு வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருந்தது ஒரே வழி: கம்பியை அனுப்பி, அதன்மேல் துணிக்குழாய் ஒன்றை ஏற்றி, வீக்கத்துக்குக் குறுக்கே விரித்துவிட வேண்டும். ரத்தம் அந்தக் குழாய்க்குள்ளேயே போய்விடும். வீக்கம் பட்டினி கிடக்கும். இது முடியாவிட்டால் அடுத்து ஒன்றும் இல்லை.

வெளியே அவருடைய தம்பி அக்காவின் செருப்பையும் கண்ணாடியையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெழுத்து வாங்கப் போனபோது என்னிடம் சொன்னார்: "என்னத் திட்டித் திட்டித்தான் தொண்ட கட்டிப்போச்சுன்னு நெனச்சோம், சிஸ்டர். இனிமே திட்டாதன்னு நான் வேற அவகிட்ட சண்டை போட்டேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. படிவத்தில் வேலை என்ற இடத்தில் 'அலுவலகம்' என்று மட்டும் எழுதியிருந்தார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

எங்கள் டாக்டர் குள்ளம். மேசை எட்டுவதற்காகக் காலடியில் ஒரு மரப்பலகை போட்டுக்கொள்வார். அதனால் பலகை டாக்டர். அந்தப் பலகைமேல் ஏறிவிட்டால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

நோயாளி விழித்திருக்கும் நாட்களில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கெட்ட செய்தியை நேரடியாகச் சொல்ல மாட்டோம். ஏதாவது தவறிவிட்டால் "டீ ஆறுது" என்போம். அன்று அந்த அம்மா விழித்திருந்தார். வலி தெரியாமல் துளை போடுகிற இடத்தில் மரத்துப்போகும் ஊசி, பதற்றம் தணிய லேசாக ஒரு மருந்து, அவ்வளவுதான். அசையக் கூடாது என்று மயக்க டாக்டர் சொன்னதற்கு, "அசையாம உக்காந்தே பழக்கம்" என்று கரகரத்தார்.

முதல் கம்பி தொடையிலிருந்து ஏறியது. திரையைப் பார்த்ததும் பலகை டாக்டர் "அடேயப்பா" என்றார். குடைக் கைப்பிடி மாதிரி இருக்க வேண்டிய வளைவு, கூரை முகடு மாதிரிச் செங்குத்தாக ஏறி, சட்டென்று மடிந்து இறங்கியது. அதற்குக் கீழே தமனி இரண்டு தடவை நெளிந்து கிடந்தது. கம்பி எப்படியோ மேலே போய்விட்டது. ஆனால் துணிக்குழாயை ஏற்றித் தள்ளியதும், அது நெளிவில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளியும் குழாய் முன்னே போகவில்லை. கம்பிதான் வளைந்து பின்வாங்கி வீக்கத்துக்குள் சுருண்டது. இருப்பதிலேயே விறைப்பான கம்பியை மாற்றிப் பார்த்தோம். அதுவும் எங்களுக்குத் தண்ணி காட்டியது. ஒரு மணி நேரம் போனது.

பலகை டாக்டர் குழாயை வெளியே எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "கீழேருந்து தள்ளி மட்டும் ஆகாது. மேலேருந்தும் ஒரு கை வேணும். சிஸ்டர், வலது கைப் பக்கம் வாங்க."

இந்த வேலையை நாங்கள் அதற்கு முன் நான்கு தடவைதான் செய்திருந்தோம். வலது முழங்கை மடிப்பில் ஒரு துளை. அதன் வழியே மெல்லிய கம்பி ஒன்று தோள் வரை ஏறி, கழுத்தடியைத் தொட்டு, வளைவின் உச்சிக்குள் இறங்கியது. அந்தச் சரிவில் கம்பி தமனியின் சுவரை அறுத்துவிடக் கூடாது என்பதற்காக அதற்குமேல் பிளாஸ்டிக் குழல் ஒன்றைப் போர்த்தினார். கம்பி வீக்கத்துக்குள் போய் வழி தெரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு தானாகவே கண்டுபிடித்தது மாதிரி கீழே இறங்கியது. அதற்குள் தொடை வழியே ஒரு சுருக்குக் கயிறு மேலே போய் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. இருட்டில் ஊசியில் நூல் கோர்க்கிற வேலைதான், ஆனால் ஊசியும் ஆடுகிறது, நூலும் ஆடுகிறது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் இரண்டும் இடம் மாறுகின்றன. ஆறு தடவை கம்பி சுருக்குக்குப் பக்கத்தில் போய்விட்டு நழுவியது. ஏழாவது தடவை நடுவில் நுழைந்தது. சுருக்கு மூடியது.

பலகை டாக்டர் மெதுவாக இழுத்தார். கம்பியின் நுனி தொடைத் துளை வழியே ஈரமாக வெளியே வந்தது.

ஒரே கம்பி. அதன் ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில். நடுவில் ஒரு மனுஷி, கண்ணைத் திறந்துகொண்டு, மூச்சு விட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனை வருடம் ஆனாலும் இது எனக்குப் பழகப் போவதில்லை. பழகிவிட்டதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

இந்த வேலைக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. இரண்டு முனையும் எப்போதும் யாராவது ஒருவர் கையில் இருக்க வேண்டும். பலகை டாக்டர் ஒவ்வொரு தடவையும் "கையில?" என்று கேட்பார். நான் "கையில" என்று சொன்ன பிறகுதான் தள்ளுவார். அவர் சொல்லாமல் நான் ஒரு நூல்கூட இழுக்கக் கூடாது.

"கையில?"

"கையில."

துணிக்குழாய் ஏறியது. இப்போது கம்பி இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருந்ததால் சுருள வழியில்லை. முதல் நெளிவைத் தாண்டியது. இரண்டாவது நெளிவில் நின்றது.

"சிஸ்டர், ஒரு விரல் அளவு இழுங்க."

கம்பி நழுவாமல் கவ்வியிருந்த இடுக்கியைக் கழற்றிவிட்டு, இழுத்தேன். "ஒரு விரல்."

குழாய் அசைந்தது. நெளிவு நிமிர்ந்து வழிவிட்டது. அந்தக் காட்சியில் மெய்மறந்து நின்றேன். என் பக்கத்துக் கம்பியில் ரத்தம் பட்டிருந்தது. என் வலது கை என்னைக் கேட்கவே இல்லை. ஈரத் துணியை எடுத்தது, கம்பியைச் சுற்றிப் பிடித்தது, வெளிப்பக்கமாகத் துடைத்தது.

இருபத்திரண்டு வருடப் பழக்கம். மற்ற நாளில் அது நல்ல பழக்கம். அன்று இடுக்கி கழன்றிருந்தது. துடைத்த கையோடு கம்பியும் வந்துவிட்டது.

திரையில் கம்பி வளைவின் முகட்டோடு விறைத்து ஒட்டிக்கொண்டது. போர்த்தியிருந்த குழல், கைக்குப் போகும் கிளைத் தமனியின் வாயில் மடங்கியது. அந்த அம்மா "ம்ம்" என்றார். "நெஞ்சுல என்னமோ இழுக்குது."

"பிரஷர் தொண்ணூறு," என்றார் மயக்க டாக்டர். "எழுபத்தஞ்சு."

பலகை டாக்டரின் கை குழாய்மேல் அப்படியே நின்றது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தள்ளியதுதான் தமனியைக் கிழித்துவிட்டதா? குழாய் எங்காவது குத்திவிட்டதா? அப்படியென்றால் இப்போது பின்னால் இழுப்பதா, அவசரமாக முன்னால் தள்ளி விரிப்பதா? இரண்டில் எது தப்பானாலும் அந்த அம்மா எங்கள் கண்ணெதிரே போய்விடுவார். என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"டீ... ஆறிடுச்சு," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"யாரோட டீ, சிஸ்டர்? எந்தப் பக்கம்?"

துணி என் கையிலேயே இருந்தது. என் தெருவின் பெயர் மறந்துபோன அந்தக் காலை மாதிரியே மூளை காலியாகிவிட்டது.

அப்போது பச்சைத் துணிக்கு அப்பாலிருந்து காற்றும் கரகரப்புமாக ஒரு குரல் வந்தது.

"டீய விடுங்கம்மா. நாங்களும் இப்படித்தான் மறைச்சுப் பேசுவோம், எனக்குத் தெரியும். பயப்படாதீங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் லைன்லதான் இருக்கேன்."

குரல் அது இல்லை. குரலில் ஒன்றுமே மிச்சமில்லை. ஆனால் அந்த நிதானம், 'லைன்லதான்' என்பதில் விழும் அழுத்தம், அடுத்த கேள்விக்கு முன்னால் விடும் ஒரு மூச்சு நேரம் எல்லாம் அப்படியே இருந்தன. பத்து நிமிஷம் அக்கா. ஒன்பது வருடம் சுவரில் இருந்த ஆள், என் கையிலிருக்கும் கம்பியின் நடுவில் படுத்திருந்தார்.

"உங்க கையில இப்ப என்ன இருக்கு?" என்றார்.

"துணி."

"துணிய வெச்சு என்ன பண்ணீங்க?"

"கம்பியத் துடைச்சேன். கம்பி என்னோட சேர்ந்து வந்துடுச்சு."

"எவ்வளவு?"

"ரெண்டு விரல்." சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. பலகை டாக்டரைப் பார்த்துத் திருப்பிச் சொன்னேன். "டாக்டர், நான்தான் இழுத்துட்டேன். என் பக்கம் ரெண்டு விரல். இடுக்கி போடல."

"அப்பாடா," என்றார் பலகை டாக்டர். ஒருவர் செய்த தப்பைக் கேட்டு இன்னொருவர் அப்பாடா என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். "திருப்பிக் கொடுங்க. மெதுவா. ஒரு விரல்."

"ஒரு விரல்."

"இன்னொண்ணு."

"இன்னொண்ணு. இடுக்கி போட்டாச்சு."

திரையில் கம்பி முகட்டைவிட்டு விலகியது. மடங்கிய குழல் நிமிர்ந்தது. சாயம் செலுத்திப் பார்த்தார்கள். கறுப்பாக அது தமனியை நிறைத்துக்கொண்டு ஓடியது; எங்கள் எல்லோர் கண்களும் அதன் ஓரங்களைத் துழாவின. எங்கும் கசியவில்லை.

"எண்பத்தஞ்சு," என்றார் மயக்க டாக்டர். "நூறு. நூத்திப் பத்து."

"இழுக்குறது நின்னுடுச்சு," என்றார் அந்த அம்மா. பிறகு, "சிஸ்டர், தண்ணி குடிச்சீங்களா காலைலேருந்து?" என்றார். முகமூடிக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன். துடைத்துக்கொள்ளவும் கை இல்லை; ஒரு கையில் கம்பி, இன்னொரு கையை நான் நம்பவில்லை.

கடைசி வேலை இருந்தது. குழாயை விரிக்கும் அந்த நேரத்தில் இதயம் முழு பலத்தோடு அடித்தால் ரத்தம் குழாயை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒரு கருவியால் இதயத்தைத் துடிக்கவிட்டும் துடிக்காத மாதிரி, வெறுமனே படபடக்கவைப்பார்கள். "பத்து நொடிதாம்மா. தலை சுத்தும், இருட்டிக்கிட்டு வரும்," என்றார் மயக்க டாக்டர்.

"பத்துன்னு சொல்லிட்டு பதினொண்ணு ஆக்கினீங்கன்னா பாருங்க," என்று கரகரத்தார்.

கருவி தொடங்கியது. பிரஷர் கோடு தரையில் விழுந்த நூல் மாதிரி படுத்துக்கொண்டது. அந்த அம்மாவின் கண்கள் மேலே செருகின.

"கையில?"

"கையில."

பலகை டாக்டர் குழாயை மூடியிருந்த உறையை இழுத்தார். மடித்து வைத்திருந்த துணிக்குழாய், கூரை முகட்டுக்கு அப்பால், அத்தனை நெளிவுகளையும் தாண்டி, திரையில் ஒவ்வொரு வளையமாக விரிந்தது. எந்தக் கையும் தொட முடியாத இடம். விரிந்து, சுவரோடு ஒட்டி, அங்கேயே பிறந்தது மாதிரி உட்கார்ந்தது. நான் வாய்விட்டு "அம்மாடி" என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் அதேதான்.

கருவியை நிறுத்தினார்கள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு கோடு எழுந்தது. ஒன்று. இன்னொன்று. கண்கள் திறந்தன.

"ஒம்போதுதான் ஆச்சு," என்றார் அந்த அம்மா. "எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்."

மறுபடி சாயம் போனது. குழாய்க்குள்ளேயே ஓடி மறைந்தது. ஆரஞ்சுப்பழம் இருந்த இடம் திரையில் வெறுமையாக இருந்தது. கம்பியைத் தொடைப் பக்கமாக வெளியே எடுக்கும்போது என் முனையை விட வேண்டியிருந்தது. விட மனசே வரவில்லை.

நடந்ததை நடந்தபடி பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி இந்த வேலை நடக்கும்போது கைப் பக்கம் ஈரத் துணியே வைக்கக் கூடாது என்று பலகை டாக்டர் அதன் கீழே எழுதினார். அது இப்போது எங்கள் அறையின் சட்டம்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார், காற்றுக் குரலில். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். நான் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். பிறகு தெருப் பெயர் மறந்த கதையைச் சொன்னேன். நாள் ஒன்றுக்கு நூறு பேரிடம் பேசுகிறவருக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் கண்ணை அகல விரித்தார். "சைக்கிள் கடை! அது நீங்களா? ஒரு நர்ஸம்மா சொந்தத் தெருவோட பேர மறந்துட்டாங்கன்னு கண்ட்ரோல் ரூம்ல நாங்க ஒரு வாரம் சிரிச்சோம்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு நல்லா இருக்காரா?"

"விளக்க அணைக்கவே மாட்டேங்கிறார்," என்றேன்.

குரல் திரும்புமா என்று கேட்டார். நரம்பு மீளலாம், மீளாமலும் போகலாம், மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னதையே சொன்னேன். "அந்த நாற்காலிக்குப் போகணும், சிஸ்டர்," என்றார். "வீட்ல உக்காந்தா இவன் ஒருத்தனத்தான் திட்ட முடியுது."

ஐந்து மாதம் கழித்து ஒரு முற்பகல் சுவர் போன் அடித்தது. 'கிட்டத்தட்ட' பையனாக இருக்கும் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்து, "சொல்லுங்க" என்றேன்.

"நெஞ்சு வலி. பெண். அறுபத்தொண்ணு. பத்து நிமிஷம்."

கணீரென்று இல்லை. நடுவில் விரிசல் விட்ட, தணிந்த குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுந்தது. நான் மூக்கை உறிஞ்சினேன்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம் காத்திருந்துவிட்டு, "கையில?" என்றார்.

"கையில, அக்கா," என்றேன்.

"அப்ப அழுவாம போய் மேசையத் தயார் பண்ணுங்க." போனை வைத்துவிட்டார்.

நான் ஈய அங்கியை மாட்டிக்கொண்டேன். பத்தாவது நிமிடம் வண்டி வாசலில் வந்து நின்றது.